போட்டோ வேஷம்

ஜூன் 3

இல்லை, ஒரு வேலையை விட்டுவிட்டு இன்னொன்றுக்கு வந்தேன் என்று சொல்ல முடியாது. நான் எதையும் விடவில்லை. ஒவ்வொன்றும் தானாக நின்றுபோனது. அடுத்தது தானாகத் தொடங்கியது. நடுவில் நான் இருந்தேன், அவ்வளவுதான்.

இதை மெஹ்ருனிடம் சொன்னால் அடிப்பாள். கல்லூரித் தோழி. என் ஸ்டூடியோவுக்கு இணையதளம் செய்து தருகிறாள். ‘என்னைப் பற்றி’ என்ற பக்கத்துக்கு நூறு சொற்கள் கேட்டிருக்கிறாள்.

“நூறே நூறு வார்த்தைடி தாரிணி. எம்.ஏ. தத்துவம் படிச்சவளுக்கு அதுகூட வராதா?”

தத்துவம் படித்ததால்தான் வரவில்லையோ என்னவோ.

பட்டியலாக எழுதிப் பார்த்தேன். ஒன்பது வயதிலிருந்து பதின்மூன்று வரை தொலைக்காட்சித் தொடரில் மகள். திடீரென்று உயரமானேன். தொடரில் என்னை விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள், திரும்ப அழைக்கவே இல்லை. பதினேழு வயதில் கேபிள் சானலில் நேயர் விருப்பம். கல்லூரி நாட்களில் மெல்லிசைக் குழுவின் அறிவிப்பாளர். பிறகு நவீன நாடகம். இரண்டு வருடம் தரையில் உருண்டோம், மேடையில் இருந்தவர்களும் எதிரே இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கை. கார்ட்டூனுக்குக் குரல்: ஒரு அணில், ஒரு கோபக்கார முள்ளங்கி. ஒரு கோடை முழுவதும் வணிக வளாகத்தில் கரடி.

கரடிக்குள் இருந்தபோதுதான் மனிதர்களை முதல்முறையாக உற்றுப் பார்த்தேன். என்னை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் கரடியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். எடுப்பவர் தப்பான இடத்தில் நிற்கிறார் என்று உள்ளிருந்தே தெரியும். வாயால் சொல்ல முடியாது, கரடி பேசக் கூடாது. அந்த வருடக் கடைசியில் ஒரு பழைய கேமரா வாங்கினேன்.

இப்போது விருகம்பாக்கம். தையல் கடைக்கு மேல் முதல் மாடி. உருவப்படங்கள் மட்டும். கல்யாணம் எடுப்பதில்லை.

இது ‘என்னைப் பற்றி’யா? வருகைப் பதிவேடு மாதிரி இருக்கிறது.

ஜூன் 5

சொற்கள்: பூஜ்யம். பின்புறத் துணிக்கு இஸ்திரி போட்டேன்.

ஜூன் 8

வசும்மா வந்திருந்தார்.

வசுமதி. தொடரில் என் அம்மாவாக நடித்தவர். பார்த்துப் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். ஜன்னல் வழியாகக் கவனித்தேன். பாதிப் படியில் நின்று தையல் கடையின் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். அதில் நான்கே சொற்கள். வெகு நேரம் படித்தார்.

“என்ன பாப்பா, வளந்துட்ட.”

படப்பிடிப்பில் குழந்தை நடிகர்கள் எல்லாருக்கும் பாப்பா என்றுதான் பெயர்.

“முப்பது ஆயிடுச்சு வசும்மா.”

“யாரைக் கேட்டு?”

இளைத்திருக்கிறார். ரவிக்கையின் இரு பக்கமும் ஊசி போட்டுப் பிடித்திருந்தார். இந்த வயதில் உடம்பைக் குறைத்திருக்கிறாரே என்று ஆச்சரியப்பட்டேன். சொன்னேன். “ஆமா, நல்ல டயட்டு” என்றார்.

நடிகர் சங்கத்தின் அடையாள அட்டையைப் புதுப்பிக்க வேண்டுமாம். அதற்கு ஒரு படம்.

“அதுக்குப் பாஸ்போர்ட் சைஸ் போதுமே.”

“பெருசாவே எடு. சுத்தி நல்லா இடம் விட்டு எடு. வேணும்னா வெட்டிக்கலாம். இல்லாத இடத்த ஒட்ட முடியாதுல்ல?”

“உங்ககிட்ட இல்லாத போட்டோவா?”

“நிறைய இருக்கு. எல்லாம் யார் யாரோ. மரகதம், ஜானகி, கலெக்டரோட அம்மா. நான் நானா இருக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு வேணும். எடுத்துருவியா?”

எடுத்துவிடுவேன் என்றேன். அதுதானே என் தொழில்.

அறுபது படங்கள் எடுத்தேன். கேமராவின் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இது மரகதம். இது அந்த ஆஸ்பத்திரி சீன். இது யாரு? ஆங், இட்லி மாவு விளம்பரம்.” கடைசிப் படம் வந்ததும் கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்.

“நான் எங்க பாப்பா இதுல?”

அடுத்த வாரம் மறுபடி வருகிறார்.

ஜூன் 9

ஒன்று நினைவுக்கு வந்தது. எதற்கு வந்தது என்று தெரியவில்லை.

வசும்மாவுக்குப் போட்டோ வேஷம் என்று ஒன்று நிறையக் கிடைக்கும். கதை தொடங்கும்போதே செத்துப்போன அம்மா. நடிக்க வேண்டியதில்லை, சுவரில் மாலையோடு தொங்கினால் போதும். எங்கள் தொடரிலும் மூன்றாம் வருடம் அவரைக் கொன்றுவிட்டார்கள். பெரிய படம், சந்தன மாலை, அணையாத விளக்கு. நான் அதன் கீழே நின்று அழ வேண்டும். நிஜ வசும்மா கேமராவுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காராபூந்தி சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நான் எத்தனை தடவை அவர் இறந்ததற்காக அழுதேனோ, அத்தனை தடவையும் எனக்குக் காராபூந்தி கிடைத்தது.

எங்கள் படப்பிடிப்பில் ஒரு பழக்கம் இருந்தது. ஒருவரைப் பிணமாகக் காட்டினாலோ அவர் படத்துக்கு மாலை போட்டாலோ, அந்த ஷாட் முடிந்ததும் கேமராவை உயிரோடு இருப்பவர் பக்கம் திருப்புவார்கள். “மேடம், சிரிங்க.” அவர் லென்சைப் பார்த்துச் சிரிப்பார். மூன்று விநாடி. அதன் பிறகுதான் மாலையைக் கழற்றுவார்கள். சிரிக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

அந்த மூன்று விநாடிகளை யாரும் எந்தத் தொடரிலும் சேர்த்ததில்லை. அவையெல்லாம் எங்கே இருக்கும்?

பதினோரு தொடர்களில் மாலையோடு தொங்கியிருப்பதாக நேற்றுச் சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார்.

ஜூன் 12

மெஹ்ருன் வந்தாள். இணையதளத்தின் முதல் பக்கத்துக்கு நான் எடுத்த படங்களில் இருபத்து நான்கைத் தேர்ந்து, நான்கு வரிசையாக அடுக்கிக் கணினியில் காட்டினாள். பல் மருத்துவர். கல்யாணம் நிச்சயமான பெண். ஓய்வு பெற்ற நீதிபதி. கேட்டரிங் நடத்தும் அண்ணன் தம்பி. பாதிரியார்.

அவளே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி, இவங்கல்லாம் சொந்தக்காரங்களா?”

“இல்லயே. ஏன்?”

“ஒரே மாதிரி இருக்காங்க.”

எனக்கு அப்படித் தெரியவில்லை. வெளிச்சம் ஒன்று, துணி ஒன்று, அதனால் இருக்கலாம் என்றேன். அவள் வாயையும் மூக்கையும் காகிதத்தால் மறைத்து, கண்களை மட்டும் காட்டினாள். பிறகு கண்களை மறைத்து வாயை மட்டும். இடது புருவம் லேசாகத் தூக்கி. தாடை கொஞ்சம் கீழே. ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் நிறுத்திய உதடுகள். இருபத்து நான்கு பேரும் ஒரே வாக்கியத்தை முழுங்கியிருந்தார்கள்.

அவள் போன பிறகு லென்சை மாற்றினேன். லென்சில் கோளாறு இருக்க முடியாது என்று தெரியும். இருந்தாலும் மாற்றினேன்.

ஜூன் 14

இரண்டாவது அமர்வு. வசும்மா தானே பட்டுப்புடவை கொண்டுவந்தார். விக் வைத்திருந்தார். பழைய ஆட்கள் இப்படித்தான், சங்க அட்டைக்குக்கூட விக் இல்லாமல் வர மாட்டார்கள். இடது புறங்கையில் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பூனை கீறிவிட்டதாம். அவர் பூனை வளர்ப்பது எனக்குத் தெரியாது.

முதல் பத்துப் படம் எடுத்திருப்பேன்.

“நிறுத்து.”

“என்ன வசும்மா?”

“உன் மூஞ்சிய என்ன பண்ற நீ?”

“நானா? ஒண்ணும் பண்ணலயே.”

“பண்ற. ‘கொஞ்சம் அமைதியா’ன்னு சொல்றப்ப நீயே அமைதியா ஆயிடற. புருவத்தத் தூக்கிக் காட்டுற. தாடைய இறக்குற. எதிர்ல உக்காந்திருக்கவங்க அதைப் பாத்துதான் செய்வாங்க. நாப்பது வருஷம் நடிச்ச நானே செஞ்சுட்டேன்னா பாத்துக்கோ.”

கேமராவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபத்து நான்கு பேர். அத்தனை பேருக்கும் நான் வசனமில்லாமல் நடித்துக் காட்டியிருக்கிறேன். அவர்கள் அப்படியே திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அதை நான் அவர்களுடைய உள்முகம் என்று சொல்லி அவர்களிடமே கொடுத்திருக்கிறேன்.

“இன்னொண்ணு சொல்லட்டுமா?” என்றார். “அது உன் மூஞ்சியும் இல்ல. என்னுது.”

முதல் நாள் படப்பிடிப்பு. ஒன்பது வயது. எனக்கு அழுகை வரவில்லை. டைரக்டர் கத்தினார், எல்லாரும் காத்திருந்தார்கள். வசும்மா எழுந்து வந்து லென்சுக்கு நேர் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். “என்னைப் பாரு. நான் என்ன செய்றேனோ அதைச் செய்.” அவர் முகம் கலங்கியது, என் முகம் கலங்கியது. அவர் கண் நிரம்பியது, என் கண் நிரம்பியது. நான்கு வருடம் அப்படித்தான். லென்சுக்குக் கீழே எப்போதும் அந்த முகம் இருந்தது.

ஆக, பல் மருத்துவர் வசும்மா. பாதிரியார் வசும்மா. நீதிபதியும்.

“எனக்குன்னு ஒரு மூஞ்சி கேட்டு உன்கிட்ட வந்தா, என்னுதையே கழுவித் தொடச்சு எனக்கே நீட்டுற பாரு.” சிரித்தார். சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“நீங்க அதை யார்கிட்ட எடுத்தீங்க?” என்று கேட்டேன்.

“நாடகக் கம்பெனில ஒரு அக்கா. ராஜாமணின்னு. அவங்க எங்க எடுத்தாங்களோ, யார் கண்டா.”

சோபாவில் அரைமணி நேரம் படுத்திருந்துவிட்டுப் போனார். வெயில் அதிகம் இன்று.

ஜூன் 15

கண்ணாடி முன் நின்றேன். என் முகம் எது என்று தேடினேன். தேடுவது போன்ற ஒரு முகம் வந்தது. அதுவும் ஒரு காட்சியில் செய்ததுதான். 2005. தொலைந்துபோன வளையல்.

ஜூன் 17

சோதனை ஒன்று. கீழே தையல் கடை தணிகாசலம் அண்ணனை அழைத்து உட்காரவைத்தேன். முகத்தில் எதுவும் காட்டாமல் எடுப்பது என்று முடிவு.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. “என்னம்மா, எம்மேல எதாச்சும் கோவமா? ஜாக்கெட்டு டைட்டா இருக்கா?”

எதுவும் காட்டாத முகமும் ஒரு முகம்தான். படத்தில் அண்ணன் யாரோ தன்மேல் கோபமாக இருப்பது போல இருக்கிறார்.

முகக்கவசம் போட்டுக்கொண்டு முயன்றேன். கண்கள் நடித்தன. கறுப்புக் கண்ணாடியும் சேர்த்துப் போட்டேன். அண்ணன் எழுந்து, கடையில் ஆள் இல்லை என்று போய்விட்டார்.

ஜூன் 18

கரடித் தலை கிடைக்குமா என்று வளாகத்துக்குப் போன் செய்தேன். அவர்கள் இப்போது பெங்குவின் வைத்திருக்கிறார்களாம்.

ஜூன் 21

வசும்மாவைப் போனில் கூப்பிட்டேன். மகன் ஸ்ரீதரன் எடுத்தான். அம்மா தூங்குகிறார் என்றான். காலை பதினொரு மணி. படப்பிடிப்புக்காரர்களுக்கு நேரம் காலம் கிடையாது.

நான் இன்னும் ஏதாவது கேட்பேன் என்று காத்திருந்தான் போலிருக்கிறது. சங்கத்தில் படம் கொடுக்கக் கடைசி நாள் எப்போது என்று கேட்டேன்.

“எந்தச் சங்கம்?” என்றான். பிறகு, “ஆமா. சீக்கிரம்தான் கேட்டிருக்காங்க” என்றான்.

மாலை அவரே கூப்பிட்டார்.

“என்ன பாப்பா, வழி கண்டுபிடிச்சியா?”

“உங்களுக்கு என் மூஞ்சி தெரியக் கூடாது வசும்மா. அதுதான் பிரச்சனை. கரடி வேஷம் போட்டுக்கிட்டு எடுக்கலாமான்னு பாத்தேன்.”

“கரடியைப் பாத்தா நான் சிரிச்சுடுவேனே. அதுக்கு நீ வேற ரூமுக்குப் போயிடலாம்.”

“அப்ப எப்படி எடுக்கறது?”

“அத நீ யோசி. அடுத்த வெள்ளிக்கிழமை வரேன். அதுக்கப்புறம் வர முடியாது, சொல்லிட்டேன்.”

“ஏன், ஷூட்டிங்கா?”

“ம். அவுட்டோர்.”

ஜூன் 28

ஸ்ரீதரனும் தணிகாசலம் அண்ணனும் அவரை நாற்காலியில் வைத்துப் படியில் தூக்கி வந்தார்கள். முழங்கால் வலி என்றார். “சாமி புறப்பாடு மாதிரி இருக்குல்ல? குடை புடிக்கத்தான் ஆள் இல்ல.” இருவரும் கீழே இறங்கிப் போனார்கள்.

ஜன்னல் பக்கம் உட்காரவைத்தேன். கேமராவை முக்காலியில் நிறுத்தினேன். குவியம் சரிபார்த்தேன். அவரைச் சுற்றி இடம் விட்டேன். பிறகு ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, கேமராவுக்குப் பக்கத்தில், அவருக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

“என்னடி இது, கோவிச்சுக்கிட்ட மாதிரி?”

“இப்படித்தான். எப்ப எடுப்பேன்னு உங்களுக்குத் தெரியாது. நீங்க எப்படி இருக்கீங்கன்னு எனக்கும் தெரியாது.”

“நல்லா இல்லன்னா?”

“நல்லா இல்லாமலே இருக்கட்டும்.”

முதலில் பேசிக்கொண்டே இருந்தார். சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது, ஆற்றைப் போல இரண்டாகப் பிரிகிறது, இதுவரை கவனித்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நினைத்தபோது அழுத்தினேன். ராஜாமணி அக்காவைப் பற்றிச் சொன்னார். காராபூந்தி வாங்கிவரச் சொல்லியிருக்கலாம் என்றார். இப்போது ருசி தெரிவதில்லை என்றார். பிறகு பேச்சு குறைந்தது.

பிறகு இல்லை.

ஒரு சத்தம். கொண்டை ஊசிகளைப் பக்கத்திலிருந்த எவர்சில்வர் தட்டில் ஒவ்வொன்றாகப் போட்டார். ஏதோ ஒன்று மெத்தென்று மடியில் விழுந்தது. நான் திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்று கழுத்து வலித்தது. தெருவில் தண்ணீர் லாரி பின்னோக்கி வரும் சத்தம். விரிசலைப் பார்த்தேன். அழுத்தினேன். வெகு நேரம் கழித்து இன்னொரு தடவை அழுத்தினேன்.

“போதும் பாப்பா.” ஊசிகள் தட்டிலிருந்து எடுக்கப்படும் சத்தம். “திரும்பலாம் இப்ப.”

திரும்பினேன். விக்கோடு உட்கார்ந்திருந்தார். பொட்டுகூடக் கலையவில்லை.

அப்போது என் வாயிலிருந்து வந்தது:

“வசும்மா, கடைசியா ஒண்ணு. லென்சைப் பாத்துச் சிரிங்க. மூணு செகண்டு.”

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் முகம் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் அதைத் திருப்பிச் செய்யவில்லை.

“வேணாம் பாப்பா. இது சீன் இல்ல.”

கீழே போய் ஸ்ரீதரனைக் கூப்பிட்டேன்.

எடுத்தது சங்க அட்டைக்கான படம். அதற்கு நான் ஏன் அதைக் கேட்டேன்?

ஜூலை 1

கோப்புகளைக் கணினியில் ஏற்றினேன். திறக்கவில்லை. பல் மருத்துவரின் படத்துக்கு மறு அச்சு போட்டேன். இப்போது அவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. பாவம், நல்ல மனிதர்.

ஜூலை 2

திறந்தேன்.

முப்பத்தொரு படங்கள். முதல் இருபதில் பேசுகிறார், பேச்சுக்கேற்ற முகம். அதில் மரகதம் இருக்கிறாள், ஜானகி இருக்கிறாள். பிறகு அவர்கள் ஒவ்வொருவராகப் போகிறார்கள். முப்பதாவது படத்தில் யாரோ ஒரு பெண். தலையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்ளை முடி. மடியில் விக், அதன் மேல் இரண்டு கைகளும். லென்சைப் பார்க்கவில்லை. லென்சுக்குச் சற்று இடப்புறம், கொஞ்சம் மேலே பார்க்கிறார்.

அந்த இடத்தில் என் முதுகு இருந்திருக்கும்.

அந்த முகத்தில் இருப்பது என்ன? பயமா என்று பார்த்தேன். பயம் இருக்கிறது. அது மட்டும் இல்லை. யாரோ பார்ப்பார்கள் என்று நினைக்காதபோது மனிதர்கள் இப்படித்தான் இருப்பார்களா? எழுதிப் பார்த்தேன், நான்கு சொற்கள் எழுதி நான்கையும் அடித்தேன்.

கண்ணாடி முன் போய் அதைச் செய்து பார்த்தேன். ஒன்பது வயதிலிருந்து எந்த முகத்தையும் ஒரு தடவை பார்த்தால் செய்துவிடுவேன். இது வரவில்லை. திரும்பப் போய்ப் படத்தைப் பார்த்து, திரும்ப வந்து முயன்றேன். வரவில்லை.

ஜூலை 3

ஸ்ரீதரனின் போனுக்குப் படத்தை அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து வசும்மாவின் குரல்பதிவு. பதினொரு விநாடி. அதில் பாதி மூச்சு.

“யாரு இது, எங்கயோ பாத்த மாதிரி இருக்கே.” பிறகு: “இதான் பாப்பா. இதையே போடு.”

ஜூலை 6

அச்சு எடுத்தேன். பன்னிரண்டுக்குப் பதினைந்து. சட்டம் போடும் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் படத்தின் இரு பக்கங்களிலும் விட்டிருந்த இடத்தை விரலால் அளந்து பார்த்தார். “விவரமாத்தான் எடுத்திருக்கீங்க. எல்லாரும் நெருக்கி எடுத்துருவாங்க, அப்புறம் கன்னம் மறைஞ்சிடும்.”

எதனால் மறையும் என்று நான் கேட்கவில்லை. அடையாள அட்டைக்கு இவ்வளவு பெரிய சட்டம் எதற்கு என்று அவரும் கேட்கவில்லை.

ஜூலை 7

மழை. ஜன்னல் துணியை மாற்றினேன். படத்தைக் கொண்டுபோய் ஸ்ரீதரனிடம் கொடுத்தேன். உள்ளே வரச் சொன்னான். செருப்பெல்லாம் சேறாக இருக்கிறது, இன்னொரு நாள் வருகிறேன் என்றேன். வீட்டில் பூனை இல்லை.

ஜூலை 15

காலை ஆறரைக்கு ஸ்ரீதரன் போன் செய்தான்.

ஜூலை 17

நேற்று முழுவதும் வளசரவாக்கத்தில், அவர் வீட்டில்.

கூடத்தில், நாற்காலி மேல் படம். ரோஜா மாலை, தடிமனானது. கன்னம் மறையவில்லை. சுற்றி விட்ட இடத்தில் மாலை சரியாக உட்கார்ந்திருந்தது. வந்தவர்கள் படத்தின் முன் வந்ததும் ஒரு நொடி நின்றார்கள். இவரை இப்படிப் பார்த்ததில்லை என்பது எல்லார் நிற்பிலும் தெரிந்தது.

எங்கள் தொடரின் பழைய கேமராமேன் வந்திருந்தார். வெகு நேரம் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்தார்.

“எந்த சீரியல் ஸ்டில்லும்மா இது? நான் பாத்ததே இல்லயே.”

“சீரியல் இல்ல சார்.”

தலையாட்டினார். அவர் கை சட்டைப் பையில் எதையோ தேடியது, எதுவும் எடுக்காமல் வெளியே வந்தது.

மேக்கப் போடும் சரளாக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். “பாப்பா அழவே மாட்டேங்குதே. யாராச்சும் அதை அழ வைங்களேன்.” சுற்றி இருந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். தினமும் இரவு ஏழரை மணிக்கு, இதே போன்ற ஒரு படத்தின் கீழே நான் அழுததைப் பார்த்தவர்கள்.

நான் முயன்றேன். வேண்டுமென்றுதான் முயன்றேன். லென்சுக்குக் கீழே யாரும் இல்லை.

மாலையைக் கழற்றும் முன் யாராவது ஒருவர் “மேடம், சிரிங்க” என்று சொல்ல வேண்டும். அப்படியே உட்கார்ந்திருந்தேன். யாரும் சொல்லவில்லை. யாரும் கழற்றவும் இல்லை.

இன்று குளித்துவிட்டு ஸ்டூடியோ திறந்தேன். மெஹ்ருனுக்கு ‘என்னைப் பற்றி’ அனுப்பினேன்: தாரிணி, உருவப்படம் எடுப்பவர். மீதித் தொண்ணூற்றேழு வார்த்தை எங்கேடி என்று கேட்டிருக்கிறாள். அந்த இருபத்து நான்கு படங்களையும் எடுத்துவிடச் சொன்னேன்.

நான்கு மணிக்கு ஒரு பள்ளித் தலைமையாசிரியை வந்தார். அவரை ஜன்னல் பக்கம் உட்காரவைத்தேன். முக்காலியை இரண்டடி பின்னால் தள்ளினேன். ரிமோட்டை எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.